பாதியாக்க மறுத்த நாவல்: தாமஸ் மன்னின் இளமைக்காலம்

உலக இலக்கியம் பயிலும் தமிழ் வாசகர்க்குத் தாமஸ் மன் என்னும் பெயர் புதிதன்று. 1929இல் நோபல் பரிசு பெற்றவர். ஹிட்லர் ஆட்சியை எதிர்த்து நாடு துறந்து வாழ்ந்தவர். வேதாளம் விக்கிரமாதித்தனுக்குச் சொல்லும் தலை மாறிய கதையை 1940இல் குறுநாவலாக்கி ஜெர்மானியர்க்குத் தந்தவர். நிழற்படங்களில் நாம் காண்பது கழுத்துப்பட்டை கட்டிய, புன்னகையை அளந்து தரும் முதியவரை. அந்த முதியவருக்குப் பின்னே இன்னொருவர் மறைந்து நிற்கிறார்: பள்ளிப் படிப்பை நிறைவு செய்யாதவர், நிலையான வேலை இல்லாதவர், தந்தை விட்டுச்சென்ற சொத்தின் மாதாந்தர வருவாயில் அறைவாடகை கொடுத்துக் கதை எழுதிக்கொண்டிருந்தவர். அவரைப் பற்றியதே இக்கட்டுரை. 'புட்டன்புரூக்ஸ்' என்னும் தம் முதல் நாவலைப் பாதியாகக் குறைத்துத் தருமாறு பதிப்பாளர் கேட்டபோது அந்த இளைஞர் என்ன செய்தார் என்பதையும், அவ்வாறு செய்ய அவருக்கு என்ன நியாயம் இருந்தது என்பதையும் கவிஞர்கள் கூடியிருக்கும் இம்மலரில் எண்ணிப் பார்ப்பது பொருந்தும் என்று கருதுகிறேன்.

வட ஜெர்மனியில் பால்டிக் கடலை அடுத்துள்ள லூபெக், ஒரு காலத்தில் ஹன்சா வணிகக் கூட்டமைப்பின் தலைமை நகராக விளங்கியது. அந்நகரில் 1875 ஜூன் 6ஆம் நாள் தாமஸ் மன் பிறந்தார். 1790இல் தொடங்கப்பெற்ற தானிய வணிக நிறுவனத்தின் உரிமையாளர் அவருடைய தந்தை. நகர ஆட்சிமன்றத்தில் செனட்டர் பதவியும் வகித்தவர். தாய் ஜூலியா பிரேசில் நாட்டில் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே கடல் கடந்து லூபெக் நகருக்குக் கொண்டுவரப்பட்டவர். பியானோ வாசிப்பவர், பாடுபவர். தந்தைவழியில் வடக்கின் ஒழுங்கும் தாய்வழியில் தெற்கின் கலையும் தமக்கு வந்தன என்று தாமஸ் மன் பின்னாளில் அடிக்கடி சொல்லிக்கொள்வார். எழுத்தாளர்கள் தம் பிறப்பைப் பற்றிச் சொல்லும் இத்தகைய அழகிய விளக்கங்களை அளவோடு எடுத்துக்கொள்வதே நல்லது.

1890இல் நிறுவனத்தின் நூற்றாண்டு விழா சிறப்பாகக் கொண்டாடப்பெற்றது. அடுத்த ஆண்டு அக்டோபரில் தந்தை 51ஆம் வயதில் காலமானார். அவர் எழுதி வைத்திருந்த உயில் நாவலாசிரியனுக்கென்றே எழுதப்பட்டதோ என எண்ணத் தோன்றும். நிறுவனத்தைக் கலைத்துவிட வேண்டும். வீட்டை விற்றுவிட வேண்டும். மூத்த மகன் ஹைன்ரிஹின் இலக்கிய நாட்டத்தைக் காப்பாளர்கள் தடுக்க வேண்டும். இரண்டாவது மகன் தாமஸைப் பற்றி மட்டும் அவருக்குச் சற்று நம்பிக்கை இருந்தது. நல்ல மனம் படைத்தவன், ஏதேனும் ஒரு தொழிலில் பொருந்திவிடுவான் என்பது அவர் கணிப்பு. நூறு ஆண்டு வாழ்ந்த நிறுவனத்தைத் தம் கையாலேயே முடித்துவைத்த அந்தத் தந்தை, தம் பிள்ளைகளுள் எவரும் அதைச் சுமக்கமாட்டார் என்பதை நன்கு அறிந்திருந்தார். அப்போது தாமஸுக்கு வயது பதினாறு.

தாய் இளைய குழந்தைகளோடு மியூனிக் நகருக்குக் குடிபெயர்ந்தார். தாமஸ் லூபெக்கிலேயே தங்கிப் படித்தார். படித்தார் என்பதைவிட வகுப்புகளில் இருந்தார் என்பதே சரி. சில வகுப்புகளை அவர் மீண்டும் படிக்க நேர்ந்தது. பள்ளி நாள்களில் நண்பர்களோடு சேர்ந்து 'வசந்தப் புயல்' என்னும் பொருள்படும் ஒரு சிற்றிதழை 1893இல் நடத்தினார். 1894இல் இறுதித் தேர்வு வரை செல்லாமலே பள்ளியை விட்டு மியூனிக் வந்து சேர்ந்தார். அங்கே ஒரு தீக்காப்பீட்டு நிறுவனத்தில் ஊதியமில்லாப் பயிற்சியாளர் வேலை. கணக்குகளைப் படியெடுக்க வேண்டிய சாய்வு மேசையில் மறைவாக ஒரு கதை எழுதினார். அக்கதை அவ்வாண்டு அக்டோபரில் 'சமுதாயம்' எனப் பொருள்படும் பெயருடைய இலக்கிய இதழில் வெளிவந்தது. அந்நாளில் பெரும் புகழ் பெற்றிருந்த கவிஞர் ரிஹார்ட் டேமெல் அதைப் பாராட்டி அவருக்குக் கடிதம் எழுதினார். பத்தொன்பது வயது இளைஞனுக்கு ஒரு கவிஞரின் கடிதம் என்ன செய்யும் என்பதை இம்மலரின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காப்பீட்டு மேசையை விட்டு விலக அவருக்கு அதிக காலம் ஆகவில்லை.

அண்ணன் ஹைன்ரிஹும் எழுத்தாளராகவே வாழத் துணிந்திருந்தார். தந்தையின் சொத்திலிருந்து மாதந்தோறும் 160 முதல் 180 மார்க் வரை தாமஸுக்குக் கிடைத்தது. ஜெர்மனியில் அது சிறு தொகை. இத்தாலியில் இருவர் எளிமையாக வாழப் போதுமானது. 1896 முதல் 1898 வரை சகோதரர்கள் பெரும்பாலும் ரோம் நகரிலும் அதனையடுத்த பாலஸ்திரீனா என்னும் மலையூரிலும் தங்கினர். பிறர் ரோமுக்குச் செல்வது பழங்கலையைக் காண. இவரோ ரோமில் அமர்ந்து மழையும் பனியும் நிறைந்த லூபெக்கை எழுதத் தொடங்கினார்.

அதற்குக் காரணமாக இருந்தவர் பெர்லின் பதிப்பாளர் சாமுவேல் பிஷர். இப்சனையும் ஹௌப்ட்மனையும் பதிப்பித்துப் பெயர் பெற்றிருந்தவர் அவர். தாமஸ் மன்னின் சிறுகதைகளைப் படித்துவிட்டு 1897 மே மாதம் அவர் ஒரு கடிதம் எழுதினார். கதைத் தொகுதியை வெளியிட விருப்பம். அதனினும் பெரிய உரைநடைப் படைப்பு ஒன்று, அவ்வளவு நீளமில்லாத நாவலாக இருப்பினும், தந்தால் மகிழ்ச்சி என்பது கடிதத்தின் சாரம். 'அவ்வளவு நீளமில்லாத' என்னும் சொற்களை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

தாமஸ் மன்னும் முதலில் நீளமாக எழுத நினைக்கவில்லை. ஏறத்தாழ 250 பக்கத்தில், நார்வே எழுத்தாளர் கீலான்டின் முறையில் ஒரு வணிகக் குடும்பத்தின் கதையை எழுதிவிடலாம் என்றே கருதினார். அவருடைய மனம் பற்றியிருந்ததும் ஒரே ஒரு பாத்திரத்தைத்தான்: குடும்பத்தின் கடைசிக் கொழுந்தாகிய, இசையில் கரைந்துபோகும் ஹன்னோ என்னும் சிறுவன். அவனுடைய தந்தை, தாத்தா, கொள்ளுத்தாத்தா எல்லாரும் சில பக்கங்களில் முடிந்துவிட வேண்டிய முன்கதை மட்டுமே. ஆனால் அந்த முன்கதை எழுத எழுத வளர்ந்தது. சிறுவனின் மென்மை எங்கிருந்து வந்தது என்று சொல்லப் புகுந்தவர் நான்கு தலைமுறைகளின் சாப்பாட்டு மேசைகளையும், தானிய விலைகளையும், திருமண ஒப்பந்தங்களையும், பல் வலிகளையும் சொல்ல வேண்டியவரானார்.

அவற்றையெல்லாம் அவர் கற்பனையால் மட்டும் நிரப்பவில்லை. குடும்பத்தாரை நச்சரித்துக் கேட்டார். தந்தையின் உறவினரான ஒரு வணிகர் அக்காலத் தானிய வாணிகம் பற்றிய கேள்விகளுக்கு விடை எழுதினார். தாய் சமையற் குறிப்பு அனுப்பினார். இருபது வயதுத் தங்கை ஜூலியா, அத்தை எலிசபெத்தின் வாழ்க்கையையும் அவருடைய இரு திருமணங்களின் முறிவையும் விவரித்து நீண்ட கடிதம் எழுதினார். நாவலில் நெஞ்சை விட்டு அகலாத டோனி என்னும் பாத்திரம் அந்தக் கடிதத்திலிருந்து எழுந்தவளே. எழுதிய பகுதிகளைத் தாமஸ் மன் மியூனிக்கில் குடும்பத்தார் நடுவே படித்துக் காட்டுவார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வீட்டுக் கேலியாகவே அதை எண்ணினார்கள். உலகம் படிக்கும் என எவரும் நினைக்கவில்லை.

1898இல் சிறுகதைத் தொகுதி வெளிவந்தது. மியூனிக் திரும்பியபின் 'சிம்ப்லிசிசிமுஸ்' என்னும் அங்கத இதழில் சிறிது காலம் ஆசிரியர் குழுவில் வேலை பார்த்தார். வந்து குவியும் கதைகளைப் படித்துத் தேர்வு செய்யும் பணி அது. பகலில் பிறர் கதைகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டே தம் நாவலையும் வளர்த்தார். 1900ஆம் ஆண்டின் நடுவில் நாவல் முடிந்தது.

தாளின் இரு பக்கமும் கையால் எழுதிய ஒரே படி அது. வேறு நகல் இல்லை. முதலில் படியெடுக்க எண்ணியிருந்தவர், நாவலின் பருமனைக் கண்டு அந்த எண்ணத்தைக் கைவிட்டார். பொட்டலம் கட்டி அரக்கு முத்திரை இடும்போது உருகிய அரக்கு கையில் விழுந்து நெடுநாள் ஆறாத புண்ணாயிற்று. அஞ்சல் நிலையத்தில் 'கையெழுத்துப் படி' என்று எழுதி ஆயிரம் மார்க்கிற்குக் காப்பீடு செய்தார். அஞ்சல் எழுத்தர் சிரித்தார் என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் தாமஸ் மன் கட்டாய இராணுவப் பணிக்குச் சென்றார். பவேரிய அரசரின் காலாட்படையில் அணிநடை பழகியதில் காலின் தசைநாண் வீங்கி மருத்துவமனையில் படுத்தார். பிஷரின் பதில் அந்நாள்களில் வந்தது. நாவலை அவர் பழிக்கவில்லை. அதன் சிறப்பை ஒப்புக்கொண்டார். ஆனால் இவ்வளவு பெரிய நூலைப் படிக்க இக்காலத்தில் யாருக்குப் பொழுது இருக்கிறது என்பது அவர் கவலை. ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துத் தந்தால் வெளியிட ஆயத்தம் என்றார்.

பிஷரைக் கொடியவராகக் காட்டுவது எளிது, அது முறையாகாது. இருபத்தைந்து வயது இளைஞரின் முதல் நாவலை ஆயிரம் பக்கத்துக்கு மேல் அச்சிடுவது எந்தப் பதிப்பாளருக்கும் துணிகரம். நம் மரபும் அவர் பக்கம் நிற்பதுபோல் முதலில் தோன்றும். நூலுக்குரிய பத்து அழகுகளில் சுருங்கச் சொல்லலை முதலில் வைத்தவர் நன்னூலார். ஆனால் பத்துக் குற்றங்களை வரிசைப்படுத்தும்போது அவரே குன்றக் கூறலை முதலிலும் மிகைபடக் கூறலை அதற்கடுத்தும் வைத்தார். சுருக்கத்தைப் போற்றும் நாம் இந்த வரிசையை மறந்துவிடுகிறோம்.

மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தபடியே தாமஸ் மன் பென்சிலால் பதில் எழுதினார். நீளம் இந்நூலின் இன்றியமையாத இயல்பு, அதில் கைவைத்தால் நூலே இராது என்பது அவர் நிலை. அதிலிருந்து அவர் இறங்கவில்லை. இதை வீரம் என்று புகழ்ந்துவிட்டுப் போகலாம். அந்நாளைய கடிதங்களைப் பார்த்தால் வேறொரு முகம் தெரிகிறது. பிஷர் மறுத்துவிட்டால் வங்கி எழுத்தராகிவிடலாம் என்று அண்ணனுக்கு எழுதுகிறார். அந்தக் குளிர்காலத்தில் வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம்கூட அவருக்கு வந்துபோயிற்று. கையில் வேறு படி இல்லை, வேறு பதிப்பாளர் இல்லை. அத்தகைய நிலையில் ஒரு பக்கத்தைக்கூட விட்டுத்தர மறுத்தவரின் மறுப்பு, வெற்றி உறுதி என்று அறிந்தவரின் மறுப்பன்று.

அந்த மறுப்பில் நியாயம் உண்டா? நாவலையே கேட்போம். 1835இல் புதுவீடு புகும் விருந்தோடு கதை தொடங்குகிறது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடக்கிறது. டோனி இளம்பெண்ணாகக் கடற்கரை ஊர் ஒன்றில் தங்கியிருக்கையில், படகு வழிகாட்டியின் மகனான மருத்துவ மாணவன் மோர்ட்டனைச் சந்திக்கிறாள். காலைச் சிற்றுண்டியில் தேனைப் பற்றி அவன் ஒரு சிறு சொல் சொல்கிறான்: அது இயற்கையாக விளைந்தது, என்ன விழுங்குகிறோம் என்பதாவது தெரியும் என்று. குடும்பம் அவளை ஹம்பர்க் வணிகன் ஒருவனுக்குக் கட்டிவைக்கிறது, அவன் ஏமாற்றுக்காரன். இரண்டாம் திருமணமும் முறிகிறது. பல ஆண்டுகள் கழித்து, இளமை கழிந்த டோனி மேசையில் தேனைக் காணும்போதெல்லாம் அதே சொற்களைச் சொல்கிறாள், எங்கிருந்து வந்தவை என்று யாருக்கும் சொல்லாமல். கேட்பவர்க்கு அது ஒரு பழக்கச் சொல். வாசகருக்கு மட்டுமே அதனுள் புதைந்த மோர்ட்டன் தெரியும். இடையே பல நூறு பக்கங்கள் கிடக்காவிட்டால் அந்தச் சொற்களுக்கு என்ன கனம் இருக்கும்? பாடலில் பல்லவி திரும்பி வரும்போது அதே சொற்கள் வேறு பொருள் பெறுவது கவிஞர்கள் அறிந்தது. வாக்னரின் இசையில் தோய்ந்திருந்த தாமஸ் மன் அதனை உரைநடையில் ஆண்டுகளின் அளவில் செய்தார். பல்லவிக்கும் பல்லவிக்கும் இடையே உள்ள சரணங்களை வெட்டச் சொன்னார் பிஷர்.

இன்னொன்று. 'ஒரு குடும்பத்தின் வீழ்ச்சி' என்பது நாவலின் துணைத் தலைப்பு. வீழ்ச்சி என்பது ஒரு நாளில் நிகழ்வதன்று. நிகழும்போது கண்ணுக்குத் தெரிவதுமன்று. குடும்ப வரலாற்றை எழுதிவரும் ஏட்டில் சிறுவன் ஹன்னோ ஒரு நாள் தன் பெயரின் கீழே அளவுகோல் வைத்து அழகாக இரட்டைக் கோடு போடுகிறான். தந்தை சினந்து கேட்கும்போது, இதற்கு மேல் எதுவும் வராது என்று நினைத்தேன் என்கிறான். அந்த ஏட்டில் கொள்ளுத்தாத்தா காலம் முதல் ஒவ்வொரு பிறப்பும் மணமும் பதிவானதை நாம் பக்கம் பக்கமாகப் பார்த்து வந்திருப்பதால்தான் அந்தக் கோடு நம்மை அறுக்கிறது. முந்நூறு பக்க நாவலில் அது ஒரு குறும்பு மட்டுமே.

பிஷரின் அலுவலகத்தில் கையெழுத்துப் படிகளைப் படித்துக் கருத்துரைத்தவர் மோரிட்ஸ் ஹைமன். அவர் நாவலின் தரத்தை உணர்ந்திருந்தார். 1901 பிப்ரவரியில் பிஷர் இணங்கினார். அக்டோபரில் இரு தொகுதிகளாக, ஆயிரத்து நூறு பக்கங்களில், நாவல் முழுமையாக வெளிவந்தது. அச்சிட்டவை ஆயிரம் படிகள். விலை 12 மார்க். விற்பனை மந்தம். பிஷரின் கணக்குச் சரிதான் என்று அந்த ஓராண்டு காட்டியது.

இந்த இடத்தில் ஒரு சிறு செய்தியைச் சொல்லாமல் போக மனமில்லை. தாமஸ் மன் தம் இளமை நண்பர் ஓட்டோ கிரௌட்டோப்புக்கு நாவல் மதிப்புரை எழுதச் சொல்லிக் கடிதம் எழுதினார். எவற்றைச் சுட்டிக்காட்ட வேண்டும், இசையையும் தத்துவத்தையும் ஜெர்மானியத் தன்மையாக எப்படி எடுத்துரைக்க வேண்டும், சிறிது குறையும் எங்கே சொல்லலாம் என்றெல்லாம் அதில் பாடம் நடத்தினார். நண்பரும் பெரும்பாலும் அவ்வாறே எழுதினார். நம்மூரில் மட்டும்தான் இது நடக்கிறது என்று வருந்துவோர் ஆறுதல் கொள்ளலாம்.

சொல்லிக்கொடுக்காமல் வந்த மதிப்புரைகளுள் ஒன்று கவிஞருடையது. தாமஸ் மன் பிறந்த அதே 1875இல் பிறந்த ரைனர் மரியா ரில்கே, 1902இல் ப்ரேமன் நகர நாளிதழ் ஒன்றில் இந்நாவலைப் பற்றி எழுதினார். இப்பெயரைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும் என்றார். வரலாற்றுக் குறிப்பெழுதுபவனின் நிதானத்தையும் கவிஞனின் உயிரூட்டலையும் ஒருங்கே அதில் கண்டார். ஒரு சொல்லும் மிகாத கவிதையை நாடிய ரில்கே, இவ்வளவு பெரிய நூலில் நீளத்தைக் குற்றமாகக் காணவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் பெர்லின் நாளிதழில் சாமுவேல் லுப்லின்ஸ்கி, இந்நூல் காலத்தோடு வளரும், பல தலைமுறைகள் படிக்கும் என்று எழுதினார். 1903இல் ஒரே தொகுதியாக, பாதிக்கும் குறைவான விலையில் மறுபதிப்பு வந்தது. அதன்பின் விற்பனை நிற்கவில்லை. பாதியாக வேண்டியிருந்தது விலைதான்.

லூபெக் நகரம் வேறு விதமாகப் படித்தது. நாவலில் வருபவர் யார் யார் என்று பெயர்ப் பட்டியல்கள் கைமாறின. 1905இல் அங்கே நடந்த ஓர் அவதூறு வழக்கில், வேறொரு நூலைச் சாடுகையில், 'புட்டன்புரூக்ஸ்' நாவலையும் வம்பு நூல்களின் வரிசையில் சேர்த்துப் பேசினர். தாமஸ் மன் சினந்து, 1906இல் ஒரு கட்டுரையில் விடை தந்தார். எழுத்தாளன் கண்ட மனிதரைத் தன் உயிரால் நிறைக்கும்போது அவர் அவனுடையவராகிவிடுகிறார் என்பது அவர் வாதம். வாதம் வலிமையானதே. ஆனால் 1913இல் அவருடைய சிற்றப்பா பிரீட்ரிஹ், தம் உறவினரைக் கேலிச்சித்திரமாக்கிச் சேற்றில் இழுத்தவர் இந்நாவலாசிரியர் என்று லூபெக் நாளிதழில் விளம்பரமே கொடுத்தார். நாவலில் நரம்புத் தளர்ச்சியும் கோமாளித்தனமுமாகத் திரியும் கிறிஸ்டியனின் மூலம் அவரே. நாவல் வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆன பின்னும் ஆறாமல், அறுபத்தாறு வயதில் காசு கொடுத்துத் தம் மனக்குறையை அச்சேற்றிய அந்த மனிதரை எண்ணும்போது என் மனம் சற்று அவர் பக்கம் சாய்கிறது. கிறிஸ்டியன் நம்முடைய இலக்கியச் செல்வம். பிரீட்ரிஹுக்கோ அது தெருவில் நடக்க முடியாத நிலை. கலையின் நியாயம் இரண்டையும் சமன் செய்துவிடுமா என்று எனக்கு உறுதியில்லை. தங்கையின் கடிதத்தால் நாவலுக்குள் வந்த அத்தை எலிசபெத்தோ, முதலில் மனம் நொந்தாலும், நாளடைவில் டோனியாக இருப்பதைப் பெருமையாக ஏற்றுக்கொண்டார் என்பர்.

1929இல் நோபல் குழு பரிசுக்குக் காரணமாகக் குறிப்பிட்டது முதன்மையாக இந்த முதல் நாவலையே. இடையில் எழுதிய 'மாய மலை' உட்பட மற்றவை அறிவிப்பில் பெயர் பெறவில்லை. ஐம்பத்து நான்கு வயது எழுத்தாளருக்கு அது முழு மகிழ்ச்சி தந்திராது. 1933இல் அவர் நாட்டை விட்டு வெளியேறினார். 1942 மார்ச்சில் பிரிட்டிஷ் விமானங்கள் லூபெக்கைத் தாக்கியபோது, நாவலின் விருந்து நடந்த மெங் தெரு வீடு எரிந்து முகப்புச் சுவர் மட்டும் நின்றது. கலிபோர்னியாவிலிருந்து ஜெர்மானியர்க்கு வானொலி உரை ஆற்றிவந்த தாமஸ் மன், அதைச் செய்தியாகச் சொல்லி, ஜெர்மானியர் அழித்த காவன்ட்ரி நகரை நினைவூட்டினார், புலம்பவில்லை. 1955 மே மாதத்தில் லூபெக் அவரைச் சிறப்புக் குடிமகனாக்கியது. அவ்வாண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் ஜூரிச்சில் காலமானார்.

அரக்கு முத்திரையிட்டு அனுப்பிய அந்த ஒரே கையெழுத்துப் படி அச்சானபின் ஆசிரியரிடம் திரும்பியிருந்தது. அவர் நாடு துறந்தபோது அது மியூனிக்கில் ஒரு வழக்கறிஞரின் காப்பில் தங்கிவிட்டது. கேட்டும் திரும்பி வரவில்லை. போரின்போது அந்த அலுவலகத்தின்மீது விழுந்த குண்டில் அது அழிந்தது. நாவலுக்காக அவர் எடுத்த குறிப்புகளில் சிலவும், பாத்திரங்களின் பிறந்த ஆண்டுகளையும் வயதுகளையும் கணக்கிட்ட தாள்களும் மட்டும் எஞ்சியுள்ளன.